உரிமையும் அதன் எல்லையும்

உரிமை என்பது தனித்து நிற்கும் பொருளன்று. அயலாரின் உரிமையோடு பிணைந்து நிற்பது. தன் குறையை முறையிடும் குடிகள் எவ்வெல்லை வரை செல்லலாம்? அவரை அடக்கும் அரசின் கை எவ்வெல்லை வரை நீளலாம்? இவ்விரு வினாக்களையும் ஆராய்தற்குக் கனடா தேசத்தில் 2022-ஆம் ஆண்டு நிகழ்ந்த லாரிக் கிளர்ச்சி ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தில், அமெரிக்க எல்லையைக் கடந்து செல்லும் லாரி ஓட்டுநர்க்கு அளித்திருந்த விலக்கைக் கனடா அரசாங்கம் 2022 ஜனவரி 15-ல் நீக்கிற்று. தடுப்பூசி போட்டுக்கொள்ளாத ஓட்டுநர் நாடு திரும்பியதும் தனித்திருத்தல் வேண்டும் என்பது புதுவிதி. ஓட்டுநருட் பெரும்பாலோர் முன்னரே ஊசி போட்டுக்கொண்டவரே. எனினும், தம் உடலைப் பற்றிய முடிவு தம்முடையதே என்று கருதியோரும், ஏனைக் கட்டுப்பாடுகளால் மனங்கசந்தோரும் ஒன்றுகூடினர்.

பல மாகாணங்களினின்றும் அணியணியாய்ப் புறப்பட்ட வண்டிகள் ஜனவரி இறுதியில் தலைநகராகிய ஒட்டாவாவை அடைந்து, பாராளுமன்றத்தை அடுத்த தெருக்களில் மூன்று வாரம் அசையாது நின்றன. இரவிலும் முழங்கிய ஊதுகுழல்களால் அங்கு வாழ்வோர் துயிலிழந்தனர். கடைகள் பல அடைபட்டன. பிப்ரவரி 7-ல் நீதிமன்றம் அவ்வொலிக்குத் தடையுத்தரவு பிறப்பித்தது. அன்றே, வின்ட்சர் நகரை அமெரிக்காவின் டிட்ராயிட்டோடு இணைக்கும் அம்பாசடர் பாலமும் மறிக்கப்பட்டது. இரு நாட்டுச் சரக்கு வாணிகத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு செல்லும் வழி அது. அங்கு மறியல் ஆறு நாள் நீடிக்கவே, மோட்டார்த் தொழிற்சாலைகள் சில உறுப்புகள் வாராமையால் வேலையைக் குறைத்தன.

பிப்ரவரி 14-ல் பிரதமர் ட்ரூடோவின் அரசாங்கம், 1988-ல் இயற்றப்பட்ட அவசரநிலைச் சட்டத்தை முதன்முறையாகக் கையிலெடுத்தது. கிளர்ச்சியில் ஈடுபட்டார் சிலரின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. காவலர் தெருக்களை மீட்டனர். 23-ல் அவ்வறிவிப்பு நீக்கப்பட்டது. இச்செயல் தக்கதே என 2023-ல் நீதிபதி ரூலோவின் விசாரணைக் குழு கூறிற்று. தகாது என 2024-ல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கற்றறிந்த நடுவரே இங்ஙனம் மாறுபட்டனர் எனின், வினாவின் அருமை விளங்கும்.

நாமும் அக்கொள்ளைநோய்க் காலத்திற் பள்ளி காணாது வீட்டில் அடங்கிக் கிடந்தவரே. ஆதலின் கட்டுப்பாட்டின் கசப்பை அறியாதாரல்லேம். ஓட்டுநரின் முறையீடு கேட்கத்தக்கதே. ஆயினும், அரசின்மேற் கொண்ட சினத்தால் அவ்விதியை இயற்றாத அண்டை வீட்டாரின் உறக்கத்தைப் பறித்தல் முறையாகாது. அவ்வாறே, ஒழுங்கை நாட்ட முற்படும் அரசும் தன் சட்டத்தின் வரம்புக்கு உள்ளேயே நிற்றல் வேண்டும். அயலானை நேசிக்குமாறு பணிக்கப்பட்ட நாம், உரிமைக்காகக் குரலெழுப்பும் நாள் வரின், அக்குரல் யாரைச் சென்று வருத்துகின்றது என்பதையும் நோக்கக் கடவோம்.