சபையோர் கருத்தைக் கவரும் முறை

நன்கு கற்றோர் பலர் பிரசங்கிக்கையில் கேட்போர் கொட்டாவி விடுதலை நாம் பலகாற் கண்டிருக்கிறோம். பொருள் நிறைந்திருந்தும் முறை குறைந்தமையே இதற்குக் காரணமாம். மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானியார் இவ்விஷயத்தில் நமக்குத் தக்க ஆசிரியராவர்.

புத்தகங் கட்டுந் தொழில் பயின்ற அவர், 1812-ம் ஆண்டில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்பிரி டேவியின் பிரசங்கங்களைக் கேட்டுக் குறிப்பெழுதினார். மறு ஆண்டில் அங்கேயே உதவியாளராய் அமர்ந்து, பேசுவோரையுங் கேட்போரையும் ஒருங்கே உற்று நோக்கினார். எப்பிரசங்கத்திற்கும் ஒரு மணி நேரமே போதுமெனத் துணிந்தார். தாம் விரைந்து பேசுங் குறையை உணர்ந்து, ‘மெதுவாக’ என்றெழுதிய அட்டையைத் தம்முன் வைப்பித்தார்.

1848-லும் 1860-லும் சிறுவர்க்கு ரசாயனம் போதிக்கப் புகுந்தபோது அவர் கையிலெடுத்தது ஒரு மெழுகுவர்த்தி. எல்லாரும் அறிந்த அப்பொருளினின்று சுடர், காற்று, நீர், நம் சுவாசம் எனப் படிப்படியாய் அறியாதவற்றிற்கு அழைத்துச் சென்றார்; ஒவ்வொன்றையுங் கண்ணெதிரே செய்து காட்டினார்.

ஆதலின், மாணவ நண்பர்காள்! மேடையேறுமுன் மூன்றைச் சிந்திப்போமாக: கேட்போர் முன்னரே அறிந்தது யாது? அவர் கண்ணாற் காணத்தக்கது யாது? நாம் சொல்லாது விடத்தக்கது யாது? நூறுபேர் முன் நாம் வீணாக்கும் ஒரு மணி, நூறு மணியாம். அக்காலத்திற்கு நாம் கடன்பட்டவர்கள்.