பட்டியலில் ஒரு சிறு கோடு

பெரியநீலாவணையில் எங்கள் வீட்டு முன்னறைதான் உம்மாவின் தையலறை. பெருநாள் நெருங்கினால் ஓடர்கள் குவியும். எதை முதலில் தைப்பது என்ற வரிசையைக் கணினியில் வைத்திருக்க, உயர்தரத்தில் படித்ததைக் கொண்டு ஒரு சிறு செயலி எழுதிக் கொடுத்தேன். பெயரைச் சுட்டியால் இழுத்து வேறிடத்தில் விடலாம். ஆனால் விடுவதற்கு முன், எங்கே விழும் என்று அது காட்டாது.

ஒருநாள் உம்மா ஒரு மணப்பெண்ணின் பெயரை மேலே இழுத்துவிட்டு, விட்ட கையோடு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். பெயர் முதலாவதாக அல்ல, ஒரு பெரிய ஓடருக்குக் கீழே விழுந்திருந்தது. நிக்காஹ்வுக்கு முதல்நாள் அவர்கள் வந்தபோது துணி வெட்டப்படவே இல்லை. உம்மா சுபஹ் வரை இருந்து தைத்தார். என்னை ஏசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

இதற்குத்தான் செருகற்குறி. இழுக்கும்போதே இரு வரிகளுக்கு நடுவில் தோன்றும் கோடு அது. கணக்கு எளியது: சுட்டி நிற்கும் வரியை இரண்டாகப் பிரியுங்கள். மேற்பாதியில் நின்றால் கோடு அந்த வரிக்கு முன்னே, கீழ்ப்பாதியில் நின்றால் பின்னே. சுட்டி பட்டியலை விட்டு வெளியேறினால் கோட்டை அழிக்க வேண்டும்.

டொட்நெட் 2.0 (2005) முதல், விண்டோஸ் போம்ஸின் லிஸ்ட்வியூவில் இதற்கென 'இன்சேர்ஷன்மார்க்' என்ற பண்பு உண்டு. அதன் சுட்டெண்ணை -1 ஆக்கினால் கோடு மறையும். மகிழ்ந்தேன், ஆனால் அது படவுருக் காட்சிகளில்தான் வேலை செய்யும். பெயர், திகதி, அளவு என நிரல்களாக விரியும் விபரக் காட்சியில் வராது. உம்மாவின் பட்டியலோ அதுதான். கோட்டை நானே வரைய வேண்டியதாயிற்று.

இன்னொரு பொறியும் இருந்தது. அ, ஆ, இ, ஈ, உ என்ற வரிசையில் 'ஆ'வை 'ஈ'க்கும் 'உ'வுக்கும் நடுவில், அதாவது ஐந்தாம் இடத்தில், வைக்க வேண்டும். முதலில் 'ஆ'வை நீக்கினால் மற்றவை ஒரு படி மேலேறிவிடும். பிறகு ஐந்தாம் இடத்தில் செருகினால் அது 'உ'வையும் தாண்டி விழும். கோடு ஓரிடம், பெயர் வேறிடம்! மேல்நோக்கி இழுத்தால் இது நடக்காது; நான் மேல்நோக்கி மட்டுமே சோதித்திருந்தேன். ஆகவே முதலில் பிரதியைச் செருகி, அதன் பின்னர் பழையதை நீக்க வேண்டும்.

இப்போது உம்மா கோட்டைப் பார்த்த பிறகுதான் விரலை எடுக்கிறார். கறுப்புக் கோட்டைச் சிவப்பாக்கச் சொன்னார், கண்ணாடி போடாமலும் தெரியட்டுமாம்.