வெயிலும் இலையும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

ஜொகூரில் செடி வளர்ப்பவர்கள் இரண்டு கட்சி. ‘நல்லா வெயில்ல வை, தானா வரும்’ என்பது ஒன்று. ‘இந்த வெயில் எரிச்சிடும், வலையைக் கட்டு’ என்பது இன்னொன்று. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றிரண்டு டிகிரிதான் வடக்கே இருக்கிறோம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கும். கட்சி பிரிவதில் வியப்பில்லை.

நம்பிக்கை: கொளுத்தும் வெயில் மட்டும்தான் இலையைக் கெடுக்கும்.

காலை இளவெயிலும் கெடுக்கிறது. இலையின் பசுங்கணிகத்துக்குள் தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜன் வெளிவிடும் இடத்தின் நடுவில் டி1 என்றொரு புரதம் இருக்கிறது. வெளிச்சம் எவ்வளவு படுகிறதோ அந்த விகிதத்தில் அது பழுதாகிறது. இவ்வளவுக்குக் கீழே ஆபத்தில்லை என்ற எல்லை கிடையாது. பலத்த வெயிலில் இலையிலுள்ள டி1-இல் பாதி ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே புதிதாக மாறிவிடக்கூடும். இலையின் மற்றப் புரதங்களில் பெரும்பாலானவை பல நாள் தாங்குகின்றன.

பிறகு இலை எப்படிப் பச்சையாகவே நிற்கிறது? பழுதானது உடனுக்குடன் அகற்றப்பட்டு, அதன் இடத்தில் புதிது செய்து வைக்கப்படுகிறது. எஃப்டிஎஸ்எச் என்ற நொதி, ஆறு துண்டுகள் சேர்ந்த ஒரு வளையம். கெட்டுப்போன டி1-ஐ அது பதிந்திருக்கும் சவ்விலிருந்து இழுத்து, நூல்போல நீட்டி, உள்ளே வாங்கி நறுக்குகிறது. அதற்கு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு செலவாகிறது. டெக் என்ற இன்னொரு நொதிக்குழு வெட்டிக்கொடுத்து வேலையைச் சுலபமாக்குகிறது. டி1-உடன் கூட இருக்கும் இருபதுக்கு மேற்பட்ட புரதங்களில் பெரும்பாலானவை அப்படியே மீண்டும் பயன்படும். பிரேக் கட்டை தேய்ந்தால் லோரியையே உடைக்கப் போடுவதில்லையே, அது மாதிரிதான். அராபிடாப்சிஸ் என்னும் ஆய்வுச்செடியில் எஃப்டிஎஸ்எச் நொதியின் ஒரு வகை இல்லாமல் போனால், இலை வெள்ளையும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக வளர்கிறது. ஜப்பானின் ஒக்காயாமா பல்கலைக்கழகத்தில் சகாமோட்டோவின் குழு இதை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது.

இந்தப் பழுதுபார்ப்பை நிறுத்தினால் என்ன ஆகும்? லின்கோமைசின் ஓர் ஆன்டிபயாட்டிக் மருந்து. அதை இலைக்குக் கொடுத்தால் பசுங்கணிகத்தில் புதுப் புரதம் செய்வது நின்றுபோகும். அப்போது மிதமான வெளிச்சத்திலேயே பழுது குவியத் தொடங்குகிறது. ஆகவே ‘எவ்வளவு வெயில்?’ என்று மட்டும் கேட்டால் போதாது, பழுதுபார்ப்பு ஈடுகொடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தண்ணீர்ப் பஞ்சத்திலும் கடும் சூட்டிலும் ஈடுகொடுக்காது. நிழலில் வளர்ந்த இலைக்கும் இதே கதிதான். கூலாயிலோ குளுவாங்கிலோ நிழல் நர்சரியிலிருந்து வாங்கிய செடியை அன்றைக்கே மொட்டை வெயிலில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். செம்பனை நாற்றை முதல் மூன்று மாதம் நிழலில் வளர்த்துப் பிறகு வெளியே பெரிய பொலிபேக்குக்கு மாற்றுவதை எஸ்டேட்டில் வேலை பார்த்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார்.

நம்பிக்கை: பகலில் பட்ட அடியை இலை ராத்திரியில் ஆற்றிக்கொள்ளும்.

மனிதருக்குத் தூக்கம் மருந்து என்பதால் வந்த ஊகம் போலிருக்கிறது. புது டி1 செய்ய வெளிச்சம் வேண்டும். முழு இருட்டில் வேலை மந்தமாகிவிடும். வாடிய செடியைக் கொண்டுபோய் ஸ்டோர் அறையில் பூட்டுவது உதவாது. மெல்லிய வெளிச்சம்தான் ஏற்றது. மதியத்துக்கு மேல் கருத்துக் கூடும் மழைமேகம் அதை இலவசமாகவே தருகிறது.

நம்பிக்கை: மதியம் ஊற்றும் தண்ணீர்த் துளி பூதக்கண்ணாடியாகி இலையைப் பொசுக்கும்.

வழுவழுப்பான இலையில் அப்படி நடப்பதில்லை. 2010-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். துளியை உயரத் தூக்கி நிறுத்தும் ரோம இலைகளில் மட்டும் கொஞ்சம் வாய்ப்புண்டு.

நம்பிக்கை: வெளுத்த இலைக்கு உரம் போட்டால் பச்சை திரும்பும்.

பழுது கைமீறினால் இலை ஒற்றைப் புரதத்தோடு நிறுத்துவதில்லை. முழுப் பசுங்கணிகமே செல்லின் நடுவிலுள்ள பெரிய குமிழுக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டுக் கரைக்கப்படுகிறது. 2017-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். சருகாகிப்போன இடம் உரத்துக்கு மசியாது. பச்சை மிச்சமிருக்கும் இலையைக் கிள்ளாமல் விட்டு, செடியை நிழலுக்கு நகர்த்தினால் போதும். புது இலை வந்தபின் ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாக வெயிலுக்குக் கொண்டுவரலாம்.