தூக்கமும் படிப்புதான்

பிப்ரவரியில் போர்டு பரீட்சை நெருங்கினால் தில்லியில் நம்மவர் வீடுகளில் இரவு ஒரு மணி வரை விளக்கு எரிகிறது. நாலு மணிக்கு அலாரம். மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரும் எனக்கு இதில் உடன்பாடில்லை. படித்தது மனத்தில் பதியத் தூக்கம் வேண்டும். 1924-இல் அமெரிக்காவில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், மாணவர் இருவரைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்ய வைத்துச் சோதித்தார்கள். எட்டு மணி நேரம் விழித்திருந்தால் நினைவில் நின்றதைவிட, அதே நேரம் தூங்கி எழுந்தபின் நின்றது மிக அதிகம். (மாணவர் இருவரே, பிற்பாடு பலர் செய்த சோதனைகளும் தூக்கத்தின் பக்கமே பேசின.)

பத்து மணிக்குப் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்ததும், முந்தின நாள் படித்ததைப் பார்க்காமல் ஒரு தாளில் எழுதட்டும். எங்கே தடுமாறுகிறார்களோ, அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்த்தால் போதும்.