மழைமானியும் கணிப்பொறியின் மின்முனையும்

2005 ஜூலை 26 ஆம் நாள் காலை முதல் மறுநாள் காலை வரை மும்பையின் சாந்தாகுரூசு வானிலை நிலையத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே 24 மணி நேரத்தில், அதே நகரத்தின் தென்கோடியிலுள்ள கொலாபாவில் பெய்தது சுமார் 74 மில்லிமீட்டர் மட்டுமே. மித்தி ஆறு கரை புரண்டது. குர்லாவும் தாராவியும் நீரில் மூழ்கின. ஒரு பெருநகரின் மழையை ஓரிரு மழைமானிகளைக் கொண்டு அறிய இயலாது என்பது அன்று தெளிவாயிற்று. அதன் பின்னர் மும்பை மாநகராட்சி, தீயணைப்பு நிலையங்கள் உள்ளிட்ட பல இடங்களில் தானியங்கி வானிலைக் கருவிகளை நிறுவியது.

இத்தகைய கருவியொன்று மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு பள்ளியின் மாடியில் அமைக்கப்படுவதாகக் கொள்வோர், மழைநீர் எண்ணாக மாறும் இடத்தை முதலில் அறிதல் வேண்டும். அவ்விடம் கணிப்பொறிச் சில்லின் ஒரு சிறு மின்முனையே ஆகும். அம்முனையின் மின்குணம் சரியாக அமையாவிடில், மற்றெல்லாப் பகுதிகளும் செம்மையாக இருந்தும் பயனில்லை.

கருவியின் அமைப்பு

தானியங்கி மழைமானியில் பெரும்பாலும் பயன்படுவது கவிழும் வாளி முறை. இரு சிறு வாளிகள் ஊஞ்சற் பலகை போன்ற அச்சில் அமைந்திருக்கும். ஒன்று நிரம்பியதும் கவிழ்ந்து மற்றொன்று மேலே வரும். 0.5 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு முறை கவிழும் மானியில், 944 மில்லிமீட்டர் மழைக்கு வாளி 1,888 முறை கவிழ வேண்டும். ஒவ்வொரு முறையும் வாளியுடன் இணைந்த காந்தம் ஒரு ரீட் சுவிட்சைக் கடந்து செல்லும். சுவிட்சு கணநேரம் மூடித் திறக்கும். சுவிட்சின் ஒரு கம்பி கணிப்பொறியின் மின்முனைக்கும், மற்றொன்று பூச்சிய மின்னழுத்தத்திற்கும் செல்கின்றன.

சுவிட்சு மூடும்போது முனையின் மின்னழுத்தம் பூச்சியமாகும் என்பதில் ஐயமில்லை. அது திறந்திருக்கும்போது முனையின் மின்னழுத்தம் யாது என்பதே வினா.

மிதக்கும் முனை

திறந்த சுவிட்சு முனையை எதனோடும் இணைப்பதில்லை. எதனோடும் இணையாத உள்ளீட்டு முனை ‘மிதக்கும் முனை’ எனப்படும். நீண்ட கம்பி அருகிலுள்ள மின்சாரத் தடத்தின் அதிர்வை ஈர்த்து முனைக்குக் கொண்டுவரும். நம் நாட்டு மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. ஒவ்வொரு சுழற்சியையும் ஒரு கவிழ்வெனக் கணிப்பொறி எண்ணினால், ஒரு துளியும் பெய்யாமல் நொடிக்கு 25 மில்லிமீட்டர் மழை பதிவாகும்.

இதனைத் தடுக்க முனையை ஒரு மின்தடையின் வழியே மேல் மின்னழுத்தத்துடன் இணைப்பர். இதற்கு ‘மேலிழு தடை’ என்று பெயர். சுவிட்சு திறந்திருக்கையில் முனை 3.3 வோல்ட்டில் நிலைபெறும்; மூடியதும் பூச்சியத்திற்கு இறங்கும். தடையைப் பூச்சிய மின்னழுத்தத்துடன் இணைத்தால் அது ‘கீழிழு தடை’. இவ்விரண்டும் பல சில்லுகளின் உள்ளேயே உள்ளன. எது செயற்பட வேண்டும் என்பதை மென்பொருளே தீர்மானிக்கிறது.

கெர்னலின் பணி

அத்தீர்மானம் இயக்கமுறைமையின் உட்கருவாகிய கெர்னலைச் சார்ந்தது. முற்காலத்தில் லினக்ஸ் கெர்னலில் ஒவ்வொரு சில்லுக்கும் முனைகளை அமைக்கும் முறை வெவ்வேறாக எழுதப்பட்டிருந்தது. 2011 ஆம் ஆண்டில் லீனஸ் வாலேய் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஆக்கிய ‘பின் கண்ட்ரோல்’ என்னும் பொது அமைப்பு லினக்ஸில் சேர்க்கப்பட்டது. அதன் பணிகள் மூன்று: முனைகளுக்குப் பெயரும் எண்ணும் அளித்தல், ஒவ்வொரு முனையும் எப்பணிக்கு உரியது என வகுத்தல், அதன் மின்குணத்தை அமைத்தல். இருவேறு சாதனங்கள் ஒரே முனையை வெவ்வேறு பணிக்குக் கோரினால் பிந்தியதை அது மறுத்துவிடும்.

எம்முனைக்கு எவ்வமைப்பு என்பது ‘டிவைஸ் ட்ரீ’ எனும் விவரக் கோப்பில் எழுதப்படுகிறது. சாதனத்தின் இயக்கி தொடங்குமுன் கெர்னல் அதனைப் படித்து முனையைச் சீர்செய்யும். அதுவரை முனை, சில்லு விழித்தெழும்போதுள்ள இயல்பு நிலையிலேயே இருக்கும்.

இவ்வியல்பு நிலை கவனிக்கத்தக்கது. ராஸ்பெரி பை பலகையின் முதல் நான்கு தலைமுறைகளில் 0 முதல் 8 வரையுள்ள முனைகள் மேலிழு நிலையிலும், 9 முதல் 27 வரையுள்ளவை கீழிழு நிலையிலும் விழித்தெழுகின்றன. மழைமானியை 17 ஆம் முனையில் இணைத்து, அமைப்பை எழுதாமல் விட்டால், சுவிட்சு திறந்தாலும் மூடினாலும் முனை பூச்சியத்திலேயே நிற்கும். பெருமழையன்றும் ஏட்டில் 0 என்றே பதிவாகும். மிகுதியான எண் ஐயத்தை எழுப்பும். பூச்சியமோ மழை பெய்யாத நாளின் எண்ணாகவே தோன்றும். ஆதலின் இப்பிழையே அதிக ஆபத்துடையது.

ஈரமும் தடையின் அளவும்

சில்லின் உள்ளே உள்ள மேலிழு தடை சுமார் 50 கிலோ ஓம். கடற்காற்றின் உப்பும் பருவமழையின் ஈரமும் கம்பி முனைகளில் படிந்து, சுவிட்சுக்குக் குறுக்கே 50 கிலோ ஓம் கசிவுப் பாதை உண்டாவதாகக் கொள்க. இரு தடைகளும் சமமாதலின் முனையில் 3.3 வோல்ட்டின் பாதி, அதாவது 1.65 வோல்ட் நிற்கும். இது உயர்நிலையென்றோ தாழ்நிலையென்றோ உறுதியாகக் கூற முடியாத இடைநிலை.

வெளியே 4.7 கிலோ ஓம் தடையை மேலிழு தடையாக இணைத்தால், அதே கசிவிலும் முனையில் சுமார் 3 வோல்ட் இருக்கும். சில்லின் கீழிழு தடை செயற்பட்டாலும் விளைவு ஏறத்தாழ இதுவே. ஆகவே கெர்னல் விழிப்பதற்கு முன்னும் முனை காக்கப்படுகிறது. சுவிட்சு மூடும்போது செல்லும் மின்னோட்டம் 0.7 மில்லிஆம்பியர் மட்டுமே.

பிற எச்சரிக்கைகள்

சுவிட்சின் உலோக நாக்குகள் மூடும்போது சில முறை துள்ளுவதுண்டு. ஒரு கவிழ்வு பலவாக எண்ணப்படும். சில மில்லிசெகண்டுக்குள் நிகழும் மாற்றங்களைப் புறக்கணிக்குமாறு அமைப்பதே மருந்து. மணிக்கு 200 மில்லிமீட்டர் மழையிலும் இரு கவிழ்வுகளுக்கிடையே 9 நொடி இருப்பதால் உண்மையான எண்ணிக்கை குறையாது.

முனையைத் தவறுதலாக வெளியீடாக்கி உயர்நிலையில் வைப்பது பெருங்கேடு. சுவிட்சு மூடியதும் குறுக்குச்சுற்று ஏற்பட்டுச் சில்லு பழுதடையக்கூடும். கணிப்பொறி உறக்கநிலைக்குச் செல்லும்போது முனை வேறு அமைப்புக்கு மாறுகிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும். அம்மாற்றமே ஒரு கவிழ்வாக எண்ணப்படலாம்.

சரிபார்க்கும் முறை

கெர்னலின் பிழையறி கோப்புகள் தான் இட்ட அமைப்பையே கூறும். கம்பியிலுள்ள வோல்ட்டைக் கூறா. ஆகவே மாணவர் மூன்று சோதனைகளைச் செய்தல் நன்று. முதலாவது, சுவிட்சு திறந்த நிலையில் முனையின் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்து 3.3 வோல்ட்டுக்கு அருகில் உள்ளதா எனப் பார்த்தல். இரண்டாவது, வாளியைக் கையால் 20 முறை மெல்லக் கவிழ்த்து, ஏட்டில் சரியாக 10 மில்லிமீட்டர் பதிவாகிறதா எனப் பார்த்தல். மூன்றாவது, பலகையை அணைத்து மீண்டும் இயக்கியபின் இவ்விரண்டையும் திரும்பச் செய்தல்.

பருவமழை தொடங்குமுன் ஒருமுறையும், மழைக்காலத்தின் நடுவே ஒருமுறையும் இச்சோதனைகளைச் செய்து, நாளையும் அளவையும் மழை ஏட்டிலேயே குறித்து வைத்தல் வேண்டும். பின்னொரு நாள் ஏட்டில் பூச்சியம் காணப்படின், அது மழையின்மையா, முனையின் பிழையா என்று பிரித்தறிய அக்குறிப்பே துணையாகும்.