பாளையும் பட்டையும்

நுழையும்முன்

மரத்திலிருந்து சாறு வேண்டுமென்றால் அதன் மேல் கத்தி பட்டே ஆக வேண்டும். எந்த உறுப்பில், எவ்வளவு ஆழத்தில் வெட்டினால் மரம் தாங்கும் என்பதை அறிவதே சாறிறக்கும் தொழிலின் அடிப்படை. பனையேறிகள் தலைமுறை தலைமுறையாகக் கைவழியே காத்துவரும் அந்த அறிவை, பிறநாட்டு மரங்களோடு ஒப்பிட்டு இப்பாடம் விளக்குகிறது.

ஏரிக்கரைப் பனைகள்

பழைய மாமல்லபுரம் சாலையில் கேளம்பாக்கத்தை நெருங்குவோர் உப்பளங்களையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் ஒருசேரக் காண்பர். இவற்றிற்கு இடையே, ஏரிக்கரைகளிலும் இன்னும் விலைபோகாத மனைகளிலும் பனைகள் நிற்கின்றன. கோடை பிறந்தால் சாலையோரத்தில் நுங்கும் பதநீரும் விற்பனைக்கு வந்துவிடும். பதநீர் பனையின் எப்பகுதியிலிருந்து கிடைக்கிறது என்று வகுப்பில் கேட்டால், தண்டைக் கீறி எடுப்பார்கள் என்று சொல்லும் மாணவர் ஒவ்வோர் ஆண்டும் சிலர் உண்டு. விடை தவறுதான், ஆயினும் அதை எள்ளி நகையாட வேண்டியதில்லை. உலகில் சாறு தரும் மரங்கள் பலவற்றிற்கும் அவ்விடை பொருந்தும். பனைக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை என்பதே நாம் காண வேண்டியது.

பாடத்தைத் தொடர்வதற்கு முன், சாலையோரப் பனையொன்றின் அடிமரத்தை அருகில் சென்று பாருங்கள். விளம்பரப் பலகையைத் தாங்கும் ஆணிகள், இறுகக் கட்டிய கம்பி, குப்பையை எரித்ததால் கருகிய பகுதி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று கண்ணிற்படக்கூடும். அவை பனையேறி செய்த காயங்கள் அல்ல. பனையில் ஏறிப் பழகியவர் அதன் தண்டில் கத்தி வைக்க எண்ணவே மாட்டார்.

புல்லா, மரமா?

தொல்காப்பிய மரபியல் தாவரங்களை ஒரு வியத்தகு முறையில் பகுக்கிறது. காழ், அதாவது வயிரம், புறத்தே அமைந்தவை புல். அகத்தே அமைந்தவை மரம். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை முதலிய உறுப்புப் பெயர்களைப் புல்லுக்கு உரியனவாக அது கூறுகிறது. அவ்வகையில் வானளாவ நிற்கும் பனை புல்லினத்தில் சேர்கிறது. உயரம் பாராமல் உள்ளமைப்பைப் பார்த்துச் செய்த பகுப்பு இது.

இன்றைய தாவரவியலும் பனையை ஒருவிதையிலைத் தாவரம் என்றே வகைப்படுத்துகிறது. வேம்பு, மா போன்ற இருவிதையிலை மரங்களில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம் உள்ளது. ஆண்டுதோறும் புதிய கட்டையை உள்ளேயும் புதிய புளோயத்தை வெளியேயும் உருவாக்குவது அதுவே. பட்டையில் காயம் பட்டால் அதன் விளிம்பிலிருந்து புதுத்திசு உருண்டு திரண்டு வளர்ந்து, சில ஆண்டுகளில் காயத்தை மூடிவிடும்.

பனையில் இத்தகைய கேம்பியம் இல்லை. நீரையும் உணவையும் கடத்தும் வாஸ்குலக் கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. வெளிப்புறத்தில் நெருங்கியும் வலிமையாகவும், நடுவில் நெகிழ்ந்தும் அமைந்துள்ளன. புறக்காழ் என்பது இதுவே. தண்டில் விழுந்த வெட்டு ஆண்டுகள் பல கடந்தாலும் மூடாமல் அப்படியே நிற்கும். வளரும் முனையும் உச்சிக் குருத்து ஒன்றுதான்; அது போனால் மரமும் போயிற்று.

பாளையில் ஓர் இழை

அவ்வாறாயின் சாறு எங்கிருந்து வருகிறது? பூவும் காயும் ஆவதற்காக மரம் அனுப்பும் சர்க்கரை பாளையின் வழியே செல்கிறது. ஆண்பனையாயினும் பெண்பனையாயினும், பனையேறி அந்தப் பாளையில்தான் கை வைக்கிறார். பாளை எப்படியும் பருவம் முடிந்தால் காய்ந்து உதிரப்போகும் உறுப்பு. மரம் இழக்க இருப்பதிலிருந்தே அவர் எடுத்துக்கொள்கிறார்.

முதல் வேலை வெட்டுதல் அன்று, கசக்குதல். கடிப்பு எனப்படும் மரக்கருவியால் பாளையைச் சில நாள்கள் இதமாக நசுக்கிப் பதப்படுத்துவர். அழுத்தம் குறைந்தால் சாறு சுரவாது. மிகுந்தால் பாளை வெதும்பிவிடும். பிறகு அதன் நுனியைப் பாளை அரிவாளால் இழை போல் சீவுவர். சீவிய இடத்தில் சல்லடைக் குழாய்கள் தம்மைத் தாமே அடைத்துக்கொள்ள முயலும். அந்த அடைப்பை நீக்கவே காலையும் மாலையும் மீண்டும் ஓர் இழை சீவுகின்றனர். தடித்துச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே அரிவாள் சவரக்கத்திபோல் கூர்மையாக இருத்தல் வேண்டும்.

வடியும் சாறு கலயத்தில் சேர்கிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காமல் பதநீராக நிற்கும்; தடவாவிட்டால் நொதித்துக் கள்ளாகிவிடும். பதநீரில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு சர்க்கரை உண்டு. அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கும் தொழிலால் உடன்குடி பெயர் பெற்றது. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா, கரும்புக்காக நன்செய் நிலத்தைச் செலவிடுவதைவிடப் பனைவெல்லம் காய்ச்சுவதே சிக்கனம் என்று வாதிட்டார்.

இத்தொழிலில் ஆறாத தழும்பு மரத்திற்கு இல்லை. ஏறுபவர் உடலில் உண்டு. காலில் தளைநாரிட்டு, மரத்தை மார்போடு அணைத்து ஏறுவதால் பாதமும் நெஞ்சும் காய்த்துப்போகின்றன. இருபது மீட்டர் உயரமுள்ள முப்பது மரங்களில் காலையும் மாலையும் ஏறுபவர், ஒரே நாளில் 1200 மீட்டர் ஏறி அதே அளவு இறங்க வேண்டும். கால் தவறினால் என்ன ஆகும் என்பதை எழுதத் தேவையில்லை. பிள்ளைகள் வேறு தொழில் தேடிச் சென்றதைக் குறைகூற நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் ஏறுபவர் இல்லாத ஊரில், எங்கே வெட்டக்கூடாது என்று சொல்பவரும் இல்லாமற் போகிறார்.

பட்டையைத் துளைக்கும் நாடுகள்

பின்லாந்து, லாத்வியா, உருசியா முதலிய குளிர்நாடுகளில் பிர்ச்சு என்னும் வெண்பட்டை மரத்திலிருந்து சாறு எடுக்கின்றனர். முற்காலத்தில் ஏடாகப் பயன்பட்ட இமயமலையின் பூர்ஜமரம் இதன் இனமே. பனி உருகி இலை தளிர்க்கும் முன்னுள்ள சில வாரங்களில் வேர் அழுத்தத்தால் நீர் மேலேறுகிறது. அப்போது பட்டையைத் தாண்டிக் கட்டைக்குள் சிறு துளையிட்டுக் குழாய் செருகுவர். இதில் வருவது சைலத்தின் நீர்; சர்க்கரை நூற்றுக்கு ஒரு பங்கு அளவே. ஒரு லிட்டர் பாகு காய்ச்ச ஏறத்தாழ நூறு லிட்டர் சாறு வேண்டும்! துளையைச் சுற்றி மரம் உள்ளேயே அரண் கட்டிக்கொள்ளும். ஆதலால் மறு ஆண்டு பழைய துளையை விட்டு விலகி வேறிடத்தில் துளையிடுவர்.

கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் காண்பது வேறொரு முறை. பால் பட்டைக்குள்ளேயே இருப்பதால், கத்தி கேம்பியத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்பே நின்றுவிட வேண்டும். கேம்பியம் தப்பினால் பட்டை மீண்டும் வளரும். ஒரே வெட்டின் விளிம்பை மெல்லச் சீவிச்சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் எச்.என். ரிட்லி செம்மைப்படுத்தினார். பின்னர் மலேயாத் தோட்டங்களில் அக்கத்தியைப் பிடித்தவர்களுள் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்கள்.

காயமும் களிம்பும்

மரக்காயத்திற்குத் தார் பூசுவது நெடுநாள் வழக்கம். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் சைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து அவ்வழக்கத்தை மறுத்தார். மரம் காயத்தை ஆற்றுவதில்லை. கெட்ட பகுதியைச் சுவர் எழுப்பி ஒதுக்கிவைத்து, அதன்மேல் புதிதாக வளர்கிறது என்பது அவர் கண்டது. மேற்பூச்சு உள்ளழுகலைத் தடுப்பதில்லை. கிழிந்த பட்டையின் பிசிர்களைக் கூரிய கத்தியால் ஒழுங்குபடுத்தி விடுவதே அத்தகைய மரங்களுக்குப் போதும்.

தென்னைக்கும் பனைக்கும் இதே விதி பொருந்துமா? இவை புதுக்கட்டை வளர்த்துக் காயத்தை மூடுவன அல்ல. மேலும், காயத்தில் கசியும் சாற்றின் மணம் சிவப்புக் கூன்வண்டை ஈர்க்கிறது. வண்டு அங்கே முட்டையிட, புழுக்கள் தண்டைக் குடைந்துவிடும். ஆகவே தென்னையின் காயத்தில் தார் பூசச் சொல்லும் வேளாண்துறை அறிவுரைக்கு நோக்கம் வேறு. அது ஆற்றுவதற்கு அன்று, வண்டைத் தடுப்பதற்கு. ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டுவதைத் தவிர்க்கச் சொல்வதும் இக்காரணத்தாலேயே. தண்டில் சாறு வடியும் பூஞ்சை நோய் கண்டால், கெட்ட திசுவை உளியால் செதுக்கி நீக்கிப் போர்டோ பசை தடவுவர்.

தெரிந்து தெளிவோம்

பத்து விழுக்காட்டுப் போர்டோ பசைக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு, ஒரு லிட்டர் நீர் தேவை. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் பாதிப்பாதி நீரில் தனித்தனியே கரைத்துப் பின் கலக்க வேண்டும். மயில்துத்தம் உலோகத்தை அரிக்கும். மண் அல்லது நெகிழிக் கலமே ஏற்றது.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அடியோடு வெட்டுவதை ஆணை தடுக்கலாம். ஆணி அடிப்பதையும் அடியில் தீ மூட்டுவதையும் அருகில் வாழ்வோரே தடுக்க இயலும். ஒரு பனை முதற்பாளை விடப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை அது ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. கேளம்பாக்கத்துச் சாலையோரத்தில் இன்று பாளை விட்டு நிற்கும் பனை, அங்கு அலுவலகங்கள் பெருகுவதற்கு முன்பே முளைத்ததாக இருக்கக்கூடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள பத்து மரங்களின் காயங்களைப் பார்வையிட்டு, அவற்றுள் புறக்காழ் உடையவை எவை, அகக்காழ் உடையவை எவை எனப் பிரித்து அட்டவணைப்படுத்துக.

2. பனையேறி ஒருவரையோ அவர் குடும்பத்தினரையோ நேர்கண்டு, பாளை சீவும் கருவிகளுக்கு உங்கள் பகுதியில் வழங்கும் பெயர்களைத் தொகுக்க.