மாயாவியின் இரும்புக்கையும் உன் நாயகனும்

அன்புள்ள தம்பி,

உன் கதையின் மூன்று அத்தியாயங்களையும் படித்தேன். அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கும் இளைஞனை மின்சாரம் தாக்குகிறது. அவன் பிழைத்துக்கொள்கிறான், உள்ளங்கையிலிருந்து மின்னலைப் பாய்ச்சும் ஆற்றலும் வந்துவிடுகிறது. அதுவரை நன்றாகவே எழுதியிருக்கிறாய். அடுத்த பக்கத்திலேயே அவன் நெய்வேலியை விட்டுப் பறந்து, பெயரில்லாத ஒரு பெருநகரத்தில் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே சண்டை போடுகிறான். அங்கேதான் எனக்கு வருத்தம். உன் ஊரே மின்சாரம் எடுக்கிற ஊர். மின்சாரத்தால் ஆற்றல் பெற்றவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வேறு எது?

மின்சாரம் தாக்கிய நாயகன் தமிழுக்குப் புதியவன் அல்ல. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர் அது. நெய்வேலியில் மின் உற்பத்தி தொடங்கியதும் அதே 1962 என்பது எனக்குப் பிடித்த தற்செயல். அந்தத் தொடரின் நாயகனான, ஆய்வகத்தில் வேலை செய்யும் லூயிஸ் கிராண்டேல் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். உயர் மின்னழுத்தம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் மறையாது. சிறிது நேரத்தில் உடலும் தெரியத் தொடங்கும். மறுபடி மறைய மறுபடி மின்சாரத்தைத் தொட வேண்டும்.

அந்தக் கதைக்கு உயிர் கொடுப்பது மறையாத அந்தக் கைதான். காற்றில் மிதக்கும் கையை எதிரி பார்த்துவிடுவானோ, மின்சாரம் கிடைக்கும் முன் உருவம் திரும்பிவிடுமோ என்று வாசகன் தவிக்கிறான். தொடக்கத்தில் மாயாவி நல்லவனும் அல்ல. குற்றவாளியாக அலைந்து பிறகு திருந்தியவன். உன் நாயகனால் என்னென்ன முடியும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். எது முடியாது என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அதை முடிவுசெய்.

முடியாததைத் தேடி எங்கும் போக வேண்டாம். உன் காலடியிலேயே இருக்கிறது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அதை இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் கரி வெட்ட முடியும். இல்லையென்றால் சுரங்கத்தின் தரையே மேலே எழும்பி உடையும். உன் நாயகனின் ஆற்றலும் அப்படி இருந்தால்? விடாமல் வெளியேற்றாவிட்டால் அவனையே உடைத்துவிடும் ஆற்றல். தூங்கும்போது என்ன செய்வான்? தங்கையின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க முடியுமா? இந்தக் கேள்விகள் சண்டைக் காட்சிகளைவிட நெடுந்தூரம் உன்னை இழுத்துச் செல்லும்.

அடுத்தது, அந்த ஆற்றலுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. வட்டம் வட்டமாக நிழல் மரங்களோடு டவுன்ஷிப் எழுந்த அதே கணக்கில், நிலம் கொடுத்து இடம்பெயர்ந்த கிராமங்களும் உண்டு. கிணறுகளில் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்பது சுற்றுவட்டார மக்களின் நெடுநாள் குறை. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்ததில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். உன் முதல் அத்தியாயத்து விபத்தில் நாயகன் மட்டும் பிழைத்துப் பறக்கிறான். அவன் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்கு நீ ஒரு பெயர்கூடக் கொடுக்கவில்லை. எனக்கு மிகவும் உறுத்தியது இதுதான்.

நம் கிராமத்துச் சாமிகளையும் நினைத்துப் பார். மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன், காத்தவராயன் கழுவேறியவன். அநியாயமாகச் செத்தவர்களுக்குத்தான் நம் மக்கள் பேராற்றலைக் கொடுத்தார்கள். 2023இல் வந்த 'வீரன்' படம் மின்னல் தாக்கிய இளைஞனையும் ஊர்க் காவல் தெய்வத்தையும் ஒரே கதையில் சேர்த்தது. அந்தப் பாதையில் இன்னும் நிறையப் போகலாம்.

கதையை ஊருக்குத் திருப்பினால் உனக்கு ஓர் ஆசை வரும். 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்துக்காக வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் விட்ட நெல்வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கின. உன் நாயகன் அங்கே போய் ஒற்றைக் கையால் இயந்திரத்தைத் தூக்கி எறிவதாக எழுதத் தோன்றும். எழுதாதே. வருடக்கணக்காக மனு கொடுத்தும் மறியல் செய்தும் தீராத ஒன்றை நீ ஒரு பக்கத்தில் தீர்த்துவைத்தால், அந்த மக்களின் பாடு ஒன்றுமில்லாததாகிவிடும். வில்லனாக ஒரு கெட்ட அதிகாரியை நிறுத்துவதும் அதே குறுக்குவழிதான். அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவனும் சம்பளத்துக்கு வந்தவன். அந்தச் சுரங்கம் தரும் மின்சாரம்தான் உன் வீட்டிலும் என் வீட்டிலும் எரிகிறது. நாயகனின் உடம்பில் ஓடுவதும் அதுவே என்றால், வயலின் வரப்பில் அவன் யார் பக்கம் நிற்பான்? இதற்கு எளிதில் பதில் கிடைக்காது. கிடைக்காதவரை கதை நகரும்.

ஒரு வேலை சொல்கிறேன், செய். ஷிப்டு முடிந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் பேசு. கன்வேயர் பெல்ட் ஓரத்தில் நிற்பவருக்கு எது பயம், எந்தச் சத்தம் கேட்டால் ஓடுவார் என்று கேள். நிலம் கொடுத்த ஒரு குடும்பத்தின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள். பிறகு அந்த விபத்தை முதல் வரியிலிருந்து திருப்பி எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்